அறுந்த வலைக்கு ஒரு சாட்சி

குஜராத் மாநிலம் இந்தியாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அந்த மாநிலத்தில் சௌராஷ்டிரா என்று ஒரு பகுதி. போர்பந்தர், மாங்ரோல், வேராவல், சூத்ராபாடா ஆகியவை அங்குள்ள கடற்கரை ஊர்கள். மீன்பிடித் தொழில்தான் அங்கே ஏராளமான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது.

அந்தக் கடலுக்கு ஒரு பெரிய மீன் வருகிறது. அதன் பெயர் திமிங்கலச் சுறா.

பெயரில் திமிங்கலம் இருக்கிறது. ஆனால் அது திமிங்கலம் அல்ல. திமிங்கலம் நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும். குட்டிக்குப் பால் கொடுக்கும். திமிங்கலச் சுறா செவுளால் மூச்சு விடும் மீன். உலகத்து மீன்களிலேயே பெரியது இதுதான். 40 அடி நீளம்கூட வளரும். அதாவது, ஒரு பேருந்தின் நீளம்!

இவ்வளவு பெரிய மீன் மனிதரைத் தின்னுமா? தின்னாது. வாயை அகலத் திறந்து கடல் நீரை உள்ளே இழுக்கும். அதில் உள்ள சின்னஞ்சிறு உயிர்களையும் குட்டி மீன்களையும் வடிகட்டித் தின்னும். யாரையும் துரத்தாது, கடிக்காது. மெதுவாக நீந்தும். அதனாலேயே அதைப் பிடிப்பது எளிதாக இருந்தது.

பீப்பாய் மீன்

முன்பு சௌராஷ்டிரா மீனவர்கள் இந்த மீனை 'பேரல்' என்று அழைத்தார்கள். பேரல் என்றால் பீப்பாய். ஏன் அந்தப் பெயர் தெரியுமா? பெரிய தூண்டில் கொக்கியில் கயிறு கட்டுவார்கள். கயிற்றின் மறுமுனையில் பீப்பாய்களைக் கட்டுவார்கள். கொக்கி மாட்டிய மீன் பீப்பாய்களை இழுத்து இழுத்துக் களைத்துப் போகும். பிறகு அதைக் கரைக்குக் கொண்டு வருவார்கள்.

தொடக்கத்தில் ஈரலுக்காகத்தான் பிடித்தார்கள். ஈரலில் இருந்து எண்ணெய் எடுத்து மரப்படகுகளுக்குப் பூசினார்கள். தண்ணீர் ஊறாமல் அந்த எண்ணெய் காத்தது. 1990-களில் இறைச்சிக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. வேட்டை பெருகியது. பருவத்துக்கு நூற்றுக்கணக்கில் கொன்றார்கள்.

2000-ஆம் ஆண்டில் மைக் பாண்டே என்பவர் இந்த வேட்டையைப் பற்றி ஒரு படம் எடுத்தார். பலரும் அதைப் பார்த்து அதிர்ந்தார்கள். 2001-ஆம் ஆண்டில் மத்திய அரசு இந்த மீனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ, அதே பாதுகாப்பு இதற்கும் வந்தது. கொன்றால் சிறைத்தண்டனை உண்டு.

சட்டம் வந்தது, செய்தி வரவில்லை

சட்டம் தில்லியில் வந்தது. ஆனால் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? பல மீனவர்களுக்குத் தெரியவே இல்லை.

2004-ஆம் ஆண்டில் குஜராத் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் சேர்ந்து ஒரு பிரச்சாரம் தொடங்கின. வேறு சில அமைப்புகளும் கைகொடுத்தன. காற்று ஊதிப் பெரிதாக்கும் ஒரு பொம்மை மீன் செய்தார்கள். அது உண்மையான மீனின் அளவே இருந்தது. அதை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். தெரு நாடகம் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளிடமும் பேசினார்கள்.

குஜராத்தில் மொராரி பாபு என்ற கதை சொல்லி இருக்கிறார். அவர் ராமாயணக் கதை சொல்ல உட்கார்ந்தால் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். அவர் இந்த மீனைப் பற்றியும் பேசினார். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போல இந்த மீன் நம் கரைக்கு வருகிறது என்று சொன்னார். வீடு தேடி வந்த மகளை யாராவது கொல்வார்களா? அந்த ஒரு பேச்சு மீனவர்களின் மனத்தைத் தொட்டது. மீனுக்குப் புதுப் பெயரும் வந்தது. வ்ஹாலி என்று அழைத்தார்கள். குஜராத்தி மொழியில் அதற்கு 'அன்புக்குரியவள்' என்று பொருள். போர்பந்தர் நகரம் வ்ஹாலியைத் தன் ஊரின் சின்னமாக ஏற்றது. வேறு ஊர்களும் பின்தொடர்ந்தன.

வலை யாருடைய செலவு?

மனம் மாறியது சரி. ஆனால் வலை?

வேட்டையாடாவிட்டாலும் மீன் தானாக வலையில் வந்து சிக்கும். அதை வெளியே விட வேண்டுமானால் வலையை அறுக்க வேண்டும். வலைதான் மீனவரின் முதல். பலரும் கடன் வாங்கி வலை போடுகிறார்கள். வலை அறுந்தால் அன்றைய மீனும் போய்விடும். அடுத்த நாள் தொழிலும் நிற்கும். மகள் என்று சொன்னாலும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே?

அரசு இதைப் புரிந்துகொண்டது. வலையை அறுத்து மீனை விடுகிறவர்களுக்கு நிவாரணம் தர முடிவு செய்தது. முதலில் 25,000 ரூபாய் வரை தந்தார்கள். பின்னர் அதை 50,000 ரூபாயாக உயர்த்தினார்கள்.

ஆனால் இன்னொரு சிக்கல் வந்தது. நடுக்கடலில் வலை அறுந்ததற்கு யார் சாட்சி? முதலில் வனத்துறை ஆட்கள் படகில் போய் நேரில் பார்ப்பார்கள். அவர்கள் வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதுவரை மீனவர் வேலை இல்லாமல் காத்திருப்பார். மீன் வலையிலேயே தவிக்கும். காப்பாற்ற வந்த திட்டமே மீனுக்குத் துன்பமாகிவிட்டது.

கேமரா சாட்சி சொன்னது

இதற்கு ஒரு நல்ல வழி பிறந்தது. 2012-ஆம் ஆண்டு வாக்கில் மீனவர்களிடமே கேமராக்களைக் கொடுத்தார்கள். அவை தண்ணீர் பட்டாலும் கெடாத கேமராக்கள். மீன் சிக்கினால் யாருக்கும் காத்திருக்க வேண்டாம். உடனே வலையை அறுத்து மீனை விட்டுவிடலாம். அதைப் படம் எடுத்தால் போதும். கரைக்கு வந்ததும் படத்தோடு மனுக் கொடுக்க வேண்டும். வனத்துறை படத்தைச் சரிபார்த்து நிவாரணம் வழங்கும்.

இதில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதுவரை அதிகாரி பார்த்து எழுதினால்தான் அது பதிவு. இப்போது மீனவர் எடுத்த படமே பதிவானது. அரசு மீனவரின் சொல்லை நம்பியது. அந்தச் சொல்லுக்குப் படம் துணை நின்றது.

அந்தப் படங்கள் நிவாரணத்தோடு நிற்கவில்லை. திமிங்கலச் சுறாவின் உடம்பு முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். ஒரு மீனின் புள்ளிகள் போல இன்னொரு மீனுக்கு இருக்காது. நம் பெருவிரல் ரேகை ஆளுக்கு ஆள் மாறுவது போலத்தான் இதுவும். படம் தெளிவாக இருந்தால் இது எந்த மீன் என்று அடையாளம் காணலாம். முன்பு வந்த மீனே திரும்ப வந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம். எந்த மாதம், எந்த இடம், எவ்வளவு நீளம் என்பதும் தெரியவரும். ஒரு குடும்பத்தின் வலைக்காக எடுத்த படம் அறிவியலுக்கும் உதவுகிறது.

பதிவு சொல்வதும் சொல்லாததும்

2004-க்குப் பிறகு குஜராத் மீனவர்கள் 900-க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது? ஒவ்வொரு முறையும் ஒருவர் பதிவு செய்ததால் கிடைத்தது.

ஆனால் பதிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். 900 மீன்களை விட்டார்கள் என்றால், கடலில் மீன் பெருகிவிட்டது என்று பொருள் அல்ல. வலையில் சிக்கியவை அத்தனை என்றுதான் பொருள். விட்ட பிறகு அது எங்கே போகிறது என்பதையும் படம் சொல்லாது. அதற்காகத்தான் 2011 முதல் சில மீன்களின் உடம்பில் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியைப் பொருத்தினார்கள். உலக அளவில் இந்த மீன் இன்னும் அழியும் ஆபத்தில்தான் இருக்கிறது. 2016-இல் அதை அந்தப் பட்டியலில் சேர்த்தார்கள்.

நிவாரணமும் எல்லா நட்டத்தையும் ஈடுகட்டுவதில்லை. அன்றைய மீனுக்கு விலை யாரும் தருவதில்லை. அது தெரிந்தும் மீனவர்கள் வலையை அறுக்கிறார்கள். கோப்புகளில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் அறுந்த வலை ஒன்று இருக்கிறது. கொக்கியும் பீப்பாயும் கொண்டு கொன்ற அதே கரை மக்கள்தான் இன்று கத்தியெடுத்துத் தங்கள் வலையையே அறுக்கிறார்கள். அதற்கு அந்தப் படங்களே சாட்சி.

கலந்து பேசுவோம்

1. சட்டம் வந்த பிறகும் மீனவர்கள் ஏன் வேட்டையை உடனே விடவில்லை?

2. மொராரி பாபுவின் பேச்சு மட்டும் போதுமா? நிவாரணம் மட்டும் போதுமா?

3. உங்கள் ஊரில் வெள்ளத்தாலோ காட்டு விலங்காலோ பயிர் அழிந்தால் யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்? அதற்கு என்ன சாட்சி கேட்பார்கள்?