ஆநிரைப் பூசல்: வரலாற்றுப் பாத்திரமேற்பு விளையாட்டைத் தொடங்கும் முறை

வரலாற்றுப் பாத்திரமேற்பு விளையாட்டு என்பது, பழங்காலத்து மனிதர் ஒருவரின் இடத்தில் தம்மை வைத்து, அவர் அறிந்திருக்கக் கூடியதை மட்டும் கொண்டு பேசி முடிவெடுக்கும் குழு விளையாட்டு. நாடகத்தில் வசனமும் முடிவும் முன்பே எழுதப்பட்டிருக்கும். இதில் இரண்டும் ஆடும்போதே உருவாகின்றன. சங்க காலத்து ஆநிரைப் பூசலை, அதாவது மாடு கவர்தலையும் மீட்டலையும், வகுப்பறையில் இவ்வாறு ஆடத் தொடங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

பாத்திரமேற்பு விளையாட்டுகள் பரவலாக அறியப்பட்டது, 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மூலம். 1990-களில் நியூயார்க்கின் பர்னார்டு கல்லூரிப் பேராசிரியர் மார்க் கார்ன்ஸ் இம்முறையை வரலாற்று வகுப்புக்குக் கொண்டுவந்தார். அந்த வரிசையில் ஒன்று 1945-ஆம் ஆண்டுச் சிம்லா மாநாட்டைப் பற்றியது.

மேலை நாடுகளில் செருமானியப் பழங்குடிகளும் இத்தகைய விளையாட்டுக்குரிய பொருளாக உள்ளனர். அதற்கு அடிப்படையாகும் முதன்மை நூல், உரோமானியரான டாசிடஸ் கி.பி. 98-இல் எழுதிய 'செர்மானியா'. மாடுகளே அம்மக்களின் செல்வம் என்றும், கொலைக்குக்கூட மாடுகளை ஈடாகக் கொடுத்துப் பகை தீர்த்தனர் என்றும், ஊர் அவையில் ஈட்டியை அசைத்து ஒப்புதல் தெரிவித்தனர் என்றும் அவர் கூறுகிறார். ஆனால் இது வெளியார் ஒருவரின் பார்வை. 20-ஆம் நூற்றாண்டில் நாசிகள் இதே நூலைத் தம் இன உயர்வுக் கொள்கைக்குப் பயன்படுத்தினர். பழங்குடி வீரத்தை விளையாட்டாக்கும் எவரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ்ச் சான்றுகள்

நம்மிடம் இரு வகைச் சான்றுகள் உள்ளன.

1. இலக்கணம். தொல்காப்பியம் வெட்சித் திணைக்கு 14 துறைகளைக் கூறுகிறது. நற்சொல் கேட்டல் (விரிச்சி), ஒற்றறிதல் (வேய்), நிரையைக் கவர்தல் (ஆகோள்), மீட்க வருவோரை எதிர்த்தல் (பூசல்மாற்று), பங்கிடுதல் (பாதீடு) ஆகியவை அவற்றுள் சில. நிரை மீட்டலைப் பிற்காலப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித் திணையாக்கியது.

2. நடுகல். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்கள் கண்டறியப்பட்டன. அவற்றுள் ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல்லே உள்ளது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர் நடுகல் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கும்போது இறந்த வீரனோடு, திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற 'கோவிவன்' என்னும் நாயையும் அது நினைவுகூர்கிறது.

தொல்காப்பியம் ஆகோளை வேந்தரின் போரோடு இணைத்துப் பேசுகிறது. எடுத்தனூர்க் கல்லிலோ ஒரு தொழுவத்தின் இழப்பு தெரிகிறது. இரண்டும் ஒரே செய்தியல்ல என்பதை ஆடுவோர் முதலில் உணர வேண்டும்.

தொடங்கும் முறை

24 மாணவர்களுக்கு இரண்டு பாடவேளை போதும். வெட்சியார் 8 பேர், கரந்தையார் 8 பேர், ஊரார் 6 பேர், நடுவர் ஒருவர், பதிவாளர் ஒருவர். ஊராரில் பாணர், கல் செதுக்குபவர், முதியவர், இடைச்சிறுவன், வீரனின் மனைவி, தாய் ஆகியோர் இருப்பர்.

பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கியே வழங்க வேண்டும். ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தைப் பற்றி நான்கு வரி எழுதுவர்: என்னிடம் என்ன உள்ளது, யாருக்குக் கடமைப்பட்டுள்ளேன், எதை அஞ்சுகிறேன், எதை அறியேன். நான்காவது வரி மிக முக்கியம். தொலைவில் உள்ள தன் மகன் இறந்ததைத் தாய் உடனே அறிய முடியாது.

20 புளியங்கொட்டைகள் 20 மாடுகளாகும். ஆட்டம் ஐந்து சுற்றுகளாக நடக்கும்.

1. மன்று: கவரச் செல்வதா, வேண்டாமா என வெட்சியார் வாதிடுவர். விரிச்சி கேட்பதும் இங்கேதான்.
2. வேய்: ஒற்றர் இருவர் கரந்தையாரிடம் மூன்று வினாக்கள் கேட்கலாம், அவற்றுள் ஒன்றுக்குப் பொய் விடை சொல்லக் கரந்தையாருக்கு உரிமை உண்டு.
3. பூசல்: இரு தரப்பும் ஆறு சோழிகளை உருட்டும். மல்லாந்து விழுந்தவை மிகுதியாக உள்ள தரப்புக்கே நிரை. சமமானால் பாதி மீளும். எவர் வென்றாலும் இரு தரப்பிலும் ஒருவர் சீட்டின்படி இறப்பார்.
4. பாதீடு: நிரை பெற்றவர் அதைப் பங்கிடுவர். ஒற்றறிந்தவருக்கு எவ்வளவு? இறந்தவன் வீட்டுக்கு எவ்வளவு? வாதம் சூடு பிடிப்பது இச்சுற்றில்தான்.
5. நடுகல்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் ஆறு நிலைகளில், இறந்த இருவருள் ஒருவருக்கு மட்டும் கல் எடுக்கப்படும். யாருக்கு என்பதை ஊரார் முடிவு செய்வர்.

மூன்று நிற அட்டைகள்

ஒருவர் பேசியதும் மற்றவர் 'சான்று எங்கே?' எனக் கேட்கலாம். சான்று இருந்தால் நடுவர் பச்சை அட்டை காட்டுவார். பொருத்தமான ஊகமானால் மஞ்சள். வெறும் கற்பனையானால் சிவப்பு. சிவப்பு அட்டை பெற்ற பேச்சைத் திரும்பப் பெற வேண்டும். துப்பாக்கி, மிளகாய், உருளைக்கிழங்கு போன்றவை பேச்சில் நுழைந்தால் உடனே சிவப்பு. மனைவி, தாய் ஆகியோரின் பேச்சு பெரும்பாலும் மஞ்சளாகவே அமையும். அவர்களின் சொற்களைக் கற்கள் பதிவு செய்யவில்லை என்பதை மாணவர் அப்போது தாமே கண்டுகொள்வர்.

கவனிக்க வேண்டியவை

கல்வெட்டில் வரும் பெயரையோ சொல்லையோ இன்றைய சாதிப் பெயராகப் படித்து, 'இந்த வீரன் எங்கள் ஆள்' என்று உரிமை கொண்டாடும் வழக்கம் நம்மிடையே உண்டு. வகுப்பில் அதற்கு இடம் தரக் கூடாது. பாத்திரங்களுக்குச் சாதிப் பெயர் வேண்டாம். சீட்டுக் குலுக்குவதன் முதல் நோக்கமும் இதுவே. இரண்டாம் முறை ஆடும்போது தரப்புகளை மாற்ற வேண்டும். நேற்று மாடு கவர்ந்தவன் இன்று மாட்டை இழந்தவனாகப் பேசினால்தான் விளையாட்டின் பயன் முழுமையாகும்.

ஊர்த் தேடல்

இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் பல மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வந்துள்ளன. திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகியவை நடுகற்கள் மிகுந்த மாவட்டங்கள். அங்கே பல கற்கள் இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. அம்மாவட்டங்களைச் சேர்ந்த மாணவர்கள் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தாத்தா, பாட்டியிடம் கேட்டு, கல் இருக்கும் இடத்தையும் அதைப் பற்றிய கதையையும் எழுதி வரலாம். அடுத்த ஆட்டத்துக்கு அதுவே சான்று.

எழுத்து தெரிவதற்காகக் கல்லின் மீது சுண்ணக்கட்டியோ மாவோ பூசக் கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்வான வெயிலில் படம் எடுத்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். யாரும் அறியாத கல்லைக் கண்டால், அதை இடம் பெயர்க்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.