விழுந்த இடத்திலிருந்து
கதை தொடரும் – 12

மகாபாரதத்தின் பதினேழாம் பருவமான மகாபிரஸ்தானிக பருவத்தில் பாண்டவர் ஐவரும் திரௌபதியும் இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். முதலில் விழுபவள் திரௌபதி. அவள் ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்கிறான். அர்ச்சுனன்மீது அவளுக்குக் கூடுதல் பிரியம், அதனால்தான் என்கிறான் தருமன். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறான். சூதில் பணயமாக வைத்து இழக்கப்பட்டவள், பதின்மூன்று ஆண்டு காட்டிலும் மறைவிலும் கூடவே கிடந்தவள், பெற்ற பிள்ளைகள் ஐவரையும் ஒரே இரவில் பறிகொடுத்தவள். அவளுக்கு இதிகாசம் கொடுக்கும் கடைசி விடை அவ்வளவுதான். பெங்களூரு கரகத் திருவிழாவின் கதை சரியாக இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

நகரத்தின் பழைய பேட்டைப் பகுதியில் இருக்கும் தர்மராய சுவாமி கோயிலில், சைத்ர மாதப் பௌர்ணமி இரவில் கரகம் புறப்படுகிறது. அதை நடத்துபவர்கள் திகளர்கள். தமிழ் வேர் கொண்ட, தோட்டத் தொழிலில் பேர் பெற்ற சமூகத்தார். அவர்கள் சொல்லும் கதையில், சொர்க்கத்துக்குப் போகும் வழியில் திரௌபதி மயங்கிப் பின்தங்குகிறாள். கண் விழிக்கும்போது கணவர்கள் யாரும் இல்லை. எதிரே திமிராசுரன் நிற்கிறான். அவள் சக்தி வடிவம் எடுக்கிறாள். தன் உடலிலிருந்தே வீரகுமாரர்களின் படையைப் படைத்து அசுரனை அழிக்கிறாள். போர் முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தாயைப் போகவிடாமல் அழுகிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை வந்து சில நாள் தங்குவதாக வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இன்றும் கரகத்தைச் சுற்றி உருவிய வாளோடு ஓடுகிறவர்கள் அந்த வீரகுமாரர்களாகவே எண்ணப்படுகிறார்கள். காட்டன்பேட்டை மஸ்தான் தர்காவுக்கும் போய்த் திரும்பும் அந்த ஊர்வலத்தைத் திருவிழா என்று மட்டும் பார்த்தால் ஒரு விஷயம் தப்பிவிடும். ஒரு பெருங்கதை தன் நாயகியைக் கைவிட்ட இடத்தை மக்கள் கண்டுபிடித்து, அங்கிருந்து அவளுக்கென்று ஒரு பாகம் எழுதியிருக்கிறார்கள்.

நாயகியை மையமாகக் கொண்ட மாயக்கதைத் தொடர்களின் பிந்திய பாகங்களை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடைக்காது என்பதே இந்த வாரத்துக் கட்டுரையின் வாதம். இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்றதும் எழுதுகிறவர்கள் கை தானாக ஒரு பக்கம் போகும்: வில்லனைப் பெரிதாக்கு, நாயகிக்கு இன்னொரு சக்தியைக் கொடு, ஊர் அழிந்த இடத்தில் உலகம் அழியட்டும். இது கூட்டல் கணக்கு. கரகம் போடுவது பாக்கிக் கணக்கு. போன பாகம் அவளுக்கு என்ன கொடுக்காமல் விட்டது என்று பார்த்து, அதைத் தீர்க்கவே அடுத்த பாகம் பிறக்கிறது. மகாபாரதம் நெடுக திரௌபதி கேட்கிறவளாகவே இருக்கிறாள். சபையில் நியாயம் கேட்டாள், கண்ணனிடம் அபயம் கேட்டாள், பீமனிடம் பழிதீர்க்கச் சொல்லிக் கேட்டாள். கரகக் கதையில் அவள் யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளை இழந்தவளுக்கு அங்கே ஒரு படையே பிள்ளைகளாகக் கிடைக்கிறது. திமிராசுரன் துரியோதனனைவிடப் பெரியவனா, சிறியவனா என்று யாரும் கேட்பதில்லை. அது முக்கியமே இல்லை.

தமிழுக்கு இது புதிதும் அல்ல. சிலப்பதிகாரம் முடியும்போது கண்ணகி தெய்வமாகிவிட்டாள்; மாதவியின் கணக்கு மட்டும் தீராமல் நின்றது. அந்தப் பாக்கியை மகள் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குகிறது மணிமேகலை. இந்திர விழாவில் ஆட மாதவியும் மகளும் வரவில்லை என்பதிலிருந்தே கதை நகர்கிறது. பிறகு வான்வழிப் பயணம், மணிபல்லவத் தீவு, உருமாற்றும் மந்திரம், எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்று மாயத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த மாயங்களில் ஒன்றையும் அவள் யாரையும் வெல்லப் பயன்படுத்தவில்லை. அமுதசுரபி பசி தீர்க்கிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகிறது. இன்னொரு படி மேலே போய், வஞ்சிக்கு வரும் மணிமேகலையிடம் கண்ணகியின் படிமமே பேசுகிறது. சினத்தில் மதுரையை எரித்த வினைக்குத் தானும் பலன் அனுபவித்தாக வேண்டும் என்கிறது. முதல் பாகத்தின் உச்சக்காட்சியை, அதன் நாயகியின் வாயாலேயே இரண்டாம் பாகம் மறுபரிசீலனை செய்கிறது. இப்படிச் செய்யத் துணிந்த தொடர்கள் உலகத்திலேயே குறைவு.

நீலியின் கதையும் இப்படித்தான். கணவனால் கொலையுண்டு, பேயாய் வந்து பழிவாங்கிய பழையனூர் நீலியை நம் ஊர்க் கதைகள் அச்சத்தோடு அப்படியே விட்டுவிட்டன. சமணக் காப்பியமான நீலகேசி அவளை எடுத்துக்கொண்டது. முனிச்சந்திரர் என்ற துறவியை மயக்க வந்தவள் அவருக்கே மாணவியாகி, பௌத்தர், வேதவாதிகள் என்று ஒவ்வொரு தரப்பாரிடமும் வாதுக்குப் போகிறாள். அவள் முதலில் வாதிடுவது குண்டலகேசியிடம், அதாவது இன்னொரு காப்பியத்தின் நாயகியிடம். பழிதீர்க்க மட்டும் தெரிந்தவளாக இருந்தவளுக்குத் தர்க்கம் என்ற புதிய ஆயுதம் கிடைக்கிறது. காப்பியத்தின் சமயச் சார்பு வெளிப்படையானது. ஆனாலும் பேய்ப்பெண்ணுக்கு வாய் கொடுத்த துணிச்சல் அதனுடையதுதான்.

இன்றைய பெங்களூருக்கே ஒரு நீலி வந்து சேர்ந்தாள். 2025 ஆகஸ்ட் 28 அன்று வெளியான மலையாளப் படம் 'லோகா சாப்டர் 1: சந்திரா'. டொமினிக் அருண் இயக்கம், துல்கர் சல்மானின் நிறுவனத் தயாரிப்பு. கள்ளியங்காட்டு நீலியான சந்திரா, கல்யாணி பிரியதர்ஷன் வடிவில் இந்த நகரத்தில் வாடகை வீட்டில் குடியேறி இரவு வேலைக்குப் போகிறாள். கேரளத்து வாய்மொழிக் கதைகளில் மந்திரம் அறிந்த பாதிரியாரான கடமற்றத்துக் கத்தனார் அவளை அடக்கியதோடு எல்லாம் முடிந்துவிடும். படம் அந்த அடக்கலையே பாக்கியாக எடுத்துக்கொண்டு, அவள் எதற்காக யட்சி ஆனாள் என்று கேட்டது. 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என்று செய்திகள் வந்தன. அடுத்த மாதமே இரண்டாம் பாகத்தை அறிவித்தார்கள்: மையத்தில் டொவினோ தாமஸ் நடிக்கும் சாத்தன். நாயகியால் நின்ற தொடரின் அடுத்த பாகம் ஆணிடம் போகிறதே என்ற முணுமுணுப்பு இயல்பானது. ஆனால் பல பாத்திரங்கள் முறைவைத்து வரும் தொடர் என்று முன்பே சொல்லிவிட்டவர்களை அதற்காக மட்டும் குறைசொல்ல முடியாது. சாத்தன் தலைமை தாங்கட்டும். நீலிக்குத் தீராமல் நிற்கும் கணக்கு அதில் நகர்கிறதா, அல்லது அவள் சண்டைக் காட்சிக்கு மட்டும் வந்துபோகிறாளா என்பதுதான் கேள்வி.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரும். கரகம் வழிபாடு, அதைப் போய் மாயக்கதைத் தொடரோடு ஒப்பிடலாமா என்பது முதலாவது. பக்தருக்கு அது கதை அல்ல, உண்மை. அந்த நம்பிக்கையில் கை வைக்க வேண்டியதில்லை. கதை எந்த இடத்தில் வெட்டப்பட்டது, எந்த இடத்தில் ஒட்டப்பட்டது என்று பார்ப்பது மட்டுமே இங்கே வேலை. இரண்டாவது மறுப்பு கனமானது: திரௌபதியின் கரகத்தைச் சுமப்பது பெண் வேடம் பூண்ட ஓர் ஆண், வாள் ஏந்துவோரும் ஆண்கள், இதில் பெண்ணுக்குக் கிடைத்தது என்ன? இதற்கு முழு விடை கிடையாது. கதையில் அவள் பெற்ற தலைமை, சடங்கில் பெண்களுக்கு வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த ஓர் இரவில் ஓர் ஆண் வளையல் அணிந்து அவளாக மாறினால்தான் நகரத்தின் தெருக்களில் நடக்க முடிகிறது என்பதும் சிறிய விஷயம் அல்ல. ஆனால் அது பாதிக் கணக்கு. மூன்றாவது மறுப்பு வாசகர் தரப்பிலிருந்து வரும்: தொடர் படிப்பதே பழகிய நாயகி பழையபடி வருவதற்காகத்தானே? உண்மை. ஸ்வேதா தனேஜா ஆங்கிலத்தில் எழுதிய அனந்த்யா தாந்திரிக நாவல்கள் போன்ற துப்பறியும் மாயக்கதைகளின் இலக்கணமே அது: நாயகி ஒருத்தி, பாகத்துக்கு ஒரு வழக்கு. அந்தச் சுகத்துக்கு எதிராக ஒன்றும் இல்லை. ஆனால் மூன்றாம் வழக்கில் நிற்பவளுக்கு முதல் வழக்கின் தழும்பு இல்லையென்றால், நாம் படிப்பது ஒரே பாகத்தை மூன்று முறை.

ஆகவே எந்தத் தொடரின் எத்தனையாவது பாகம் கையில் வந்தாலும், வில்லன் யார் என்று பின்னட்டையில் தேடாதீர்கள். முந்திய பாகத்தின் கடைசி அத்தியாயத்தை எடுத்து, அவளை எங்கே விழவிட்டுப் போனார்கள் என்று பாருங்கள். புதிய பாகம் அங்கிருந்து எழுந்தால் நம்பிப் படிக்கலாம். எழாவிட்டால், திரும்பிப் பார்க்காமல் நடந்த தருமனின் வரிசையில் அந்த ஆசிரியரும் ஒருவர்.