விட்ட படிப்பைப் பிடிக்க முடியுமா?

காய்ச்சலில் படுத்த பிள்ளைகள் உண்டு. தாய் ஆஸ்பத்திரியில் இருந்ததால் அடுப்படியைக் கவனித்த பெண்கள் உண்டு. குடும்பக் கஷ்டத்தில் வேலைக்குப் போன பையன்களும் உண்டு. காரணம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். பள்ளிக்கூடம் இரண்டு, மூன்று மாதம் நின்றுவிட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சையோ நெருங்குகிறது!

"இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது? மில்லுக்கு அனுப்பிவிடலாம்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் நூல் மில்கள் நிறைய உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். படிப்போ உடனே பணம் தராது. ஏழைப் பெற்றோரின் மனம் தடுமாறுவது இயற்கைதான்.

ஆனால் விட்ட படிப்பைப் பிடிக்க முடியும். அதற்குத் திண்டுக்கல் சீமையிலேயே சாட்சி இருக்கிறது.

டாக்டர் ஆன விதவை

1904-ல் பிறந்தவர் சவுந்தரம். டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகள். 1918-ல், சின்ன வயதிலேயே கல்யாணம் நடந்தது. கணவர் இளம் வயதில் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் விதவைப் பெண் என்றால் மூலையில் உட்கார வேண்டியதுதான். அவர் உட்காரவில்லை! பெற்றோர் ஊக்கம் கொடுத்தார்கள். நின்ற படிப்பை மறுபடி தொடங்கினார். டெல்லிக்குப் போய் வைத்தியம் படித்து, 1936-ல் டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 32.

பிறகு ஜி.ராமச்சந்திரனை மணந்தார். இருவரும் 1947-ல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை அமைத்தார்கள். 1962-ல் திண்டுக்கல் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார், மத்திய அரசில் கல்வித் துறை துணை மந்திரி ஆனார்.

யார் சொல்லிக் கொடுப்பது?

கொரோனா நோயால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பிள்ளைகள் பாடத்தை மறந்தார்கள். 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. 8-ம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு, அந்தந்த ஊர்த் தொண்டர்கள் மாலையில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு திண்ணையும், பொறுமையுள்ள ஒருவரும் இருந்தால் போதும் என்பது தெரிந்தது.

பத்தாவது படிக்கும் பிள்ளைக்கும் இதுவே வழி. தெருவில் கல்லூரிக்குப் போகும் அக்கா இருப்பாள். ஓய்வு பெற்ற ஆசிரியர் இருப்பார். தினம் ஒன்றரை மணி நேரம் கேட்டுப் பாருங்கள். மறுக்க மாட்டார்கள்.

எங்கிருந்து தொடங்குவது?

முதல் பாடத்திலிருந்து தொடங்கக் கூடாது. எங்கே தடுக்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பையனுக்கு இயற்கணிதம் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கழித்தல் குறி வந்தாலே அவன் திணறுவான். அது கீழ் வகுப்புப் பாடம். அதை இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தால், பூட்டு திறந்ததுபோல மற்றக் கணக்கும் வரும்.

அடுத்தது, மார்க்குக் கணக்கு. தேர்ச்சிக்கு வேண்டியது 100-க்கு 35. 2022 முதல் 2024 வரை நடந்த கணக்குப் பரீட்சைகளைப் பாருங்கள். ஒரு மார்க்குக் கேள்விகள் 14. வடிவியல் படத்துக்கு 8 மார்க்கு; வரைபடத்துக்கு 8 மார்க்கு. இவற்றைக் கூட்டினால் 30 ஆகிறது! இரண்டு மார்க்குக் கேள்விகளில் மூன்று சரியாக எழுதினால் 36. அளவுகோலும் காம்பசும் பிடித்துத் தினம் ஒரு படம் போட்டால் கை பழகிவிடும். பயம் போனபின் மற்றப் பாடங்களுக்குப் போகலாம்.

விஞ்ஞானத்தில் செய்முறைக்கு 25 மார்க்கு உண்டு. லீவு எடுத்த பிள்ளை அதைத் தவறவிடக் கூடாது. தலைமை ஆசிரியரைப் பெற்றோர் நேரில் பார்த்து, வருகைப் பதிவையும் செய்முறையையும் கேட்டுக்கொள்வது நல்லது.

கடைசி மூன்று வாரம் பழைய கேள்வித்தாள்களை எடுக்க வேண்டும். கடிகாரத்தை எதிரே வைத்து, மூன்று மணி நேரம் எழுத வேண்டும். தெரிந்ததையும் நேரத்துக்குள் எழுதினால்தானே மார்க்கு!

பெற்றோர் கவனிக்க

"பக்கத்து வீட்டுப் பையனைப் பார்" என்று சொல்லாதீர்கள். ஏற்கெனவே வெட்கப்படும் பிள்ளை புத்தகத்தை மூடிவிடும். இராத்திரித் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள்.

14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது வரை ஆபத்தான வேலை கூடாது. இது 2016-ல் திருத்தப்பட்ட சட்டம். 14 வயதுக்கு உட்பட்டவர் பள்ளியை விட்டிருந்தால், வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்கிறது, 2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம்.

ஒரு பாடத்தில் தவறினாலும் வருஷம் போய்விடாது. அதே ஆண்டில் துணைத் தேர்வு நடக்கிறது. மில் வாசல் எப்போதும் திறந்திருக்கும். பள்ளிக்கூட வயது போனால் வராது. பெற்றோர் அவசரப்பட வேண்டாம்!