முகவரியில் முகம் உண்டா?

தோட்டத்துக்கு வந்த கடிதங்களிலிருந்து தொடங்குவோம். புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெரம், பத்தாங் பெர்ஜுந்தை எனக் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர் பலருக்குத் தனி வீட்டு முகவரி இருந்ததில்லை. உறையின்மீது பெயர், அதன்கீழ்த் தோட்டத்தின் பெயர், அதன்கீழ் ஊரின் பெயர்; அவ்வளவே. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து சேரும். எந்த லயத்தில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது கிராணியாருக்குத் தெரியும். அஞ்சல்காரருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. அதே தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டு நடக்கும். பெயர் அழைக்கப்படும், ஆள் முன்வந்து நிற்பார், முகத்தைப் பார்த்த பின்னரே பதிவேட்டில் அன்றைய வேலைநாள் ஏறும். தோட்டத்துக்கு முகவரி, ஆளுக்கு முகம் என இரண்டும் தனித்தனியே இருந்தன. ஒன்றை மற்றொன்றாக எவரும் கொண்டதில்லை.

இன்று அவ்வாறு கொள்ளும் நிலை வந்திருக்கிறது. அதே வட்டாரத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இணைய இணைப்பு தந்தையின் பெயரில் இருக்கிறது. மாதக் கட்டணச் சீட்டும் அவர் பெயரிலேயே வருகிறது. அவரோ செம்பனைத் தோட்டத்தில் பணிபுரிபவர். திறன்பேசியில் புலனத்தைத் தவிர வேறெதையும் தொடாதவர். மகள் ஐந்தாம் படிவத்தில் பயில்கிறாள். மகன் வார இறுதிகளில் கல்லூரியிலிருந்து வீடு திரும்புகிறான். அண்டை வீட்டுப் பிள்ளைகள் வைஃபைக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிச் சென்று ஓராண்டு ஆகிறது. ஒருநாள் அந்த இணைப்பின் வழியே, ஒருவரைப் பற்றிய அவதூறு பொய்ப்பெயரில் முகநூலில் வெளியாகிறது. விசாரணையில் ஓர் எண் கிடைக்கிறது. எண்ணைக் கொண்டு இணைப்பும், இணைப்பைக் கொண்டு தந்தையின் பெயரும் தெரிகின்றன. எழுதியவர் யார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இவ்விடத்தில் ஓர் அனுமானத்தைச் செய்துகொள்கிறது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, 2012 ஜூலை 31ஆம் நாள் நடப்புக்கு வந்தது. ஒரு வெளியீட்டில் உரிமையாளர், நிருவாகி, ஆசிரியர் என எவருடைய பெயரோ படமோ புனைபெயரோ காணப்படுகிறதோ, அவரே அதை வெளியிட்டவர் என்கிறது அதன் முதற்பகுதி. வெளியீடு எந்த இணைப்பிலிருந்து புறப்பட்டதோ அதன் பதிவுபெற்ற சந்தாதாரரே வெளியிட்டவர் என்கிறது இரண்டாம் பகுதி. எந்தக் கணினியிலிருந்து புறப்பட்டதோ அதைத் தம் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ வைத்திருப்பவரே வெளியிட்டவர் என்கிறது மூன்றாம் பகுதி. மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அவ்வாறே கொள்ளப்படும். அம்மெய்ப்பிப்பு யார்மீது விழுகிறது? ‘நான் அல்லேன்’ என்று சொல்பவர்மீதே விழுகிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் பல இணையத்தளங்கள் தம் பக்கங்களைக் கறுப்புத் திரையால் மூடி எதிர்ப்புத் தெரிவித்தன. அமைச்சரவை மீண்டும் ஆராய்ந்தது. பிரிவு அப்படியே நின்றது.

ஆதலால், ஓர் எண் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைப் பொறியாளர்கள் மட்டுமல்லாமல் நாமும் அறிந்திருக்க வேண்டும்.

எண்கள் இருவகை. முதலாவது, கருவிக்கு உரியது. திறன்பேசி, மடிக்கணினி, அச்சுப்பொறி ஆகிய ஒவ்வொன்றின் வலையமைப்புச் சில்லுக்கும் அதை ஆக்கிய நிறுவனம் 48 இருமங்கள் கொண்ட ஓர் எண்ணை இடுகிறது. மேக் முகவரி என்பது இதுவே. பன்னிரண்டு குறிகளாக எழுதப்படும். வழக்கமாக அதன் முற்பாதி ஆக்கிய நிறுவனத்தையும் பிற்பாதி அந்தச் சில்லையும் குறிக்கும். இதைக் கேட்டவுடன், வாகனத்தின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்போல் இது அழியாதது என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். அது சரியன்று. கணினி தன் எண்ணாக எதை அறிவிக்கிறதோ அதையே வலையமைப்பு ஏற்றுக்கொள்கிறது. அறிவிக்கும் எண்ணை மென்பொருளால் மாற்றிவிடலாம். மேலும் இந்த எண் தொலைவு செல்வதில்லை. வீட்டில் மோடம் என்று நாம் அழைக்கும் திசைவிப் பெட்டியோடு அதன் பயணம் முடிந்துவிடுகிறது. லயத்துக் கதவில் சுண்ணாம்பால் எழுதிய எண்ணைக் கிள்ளான் அஞ்சலகம் அறியாததுபோல, நம் கருவியின் மேக் எண்ணை முகநூல் நிறுவனத்தின் வழங்கிக் கணினி காண்பதில்லை.

எண்ணை மாற்றுவது கள்வர் செயல் என்றும் எண்ண வேண்டா. கடைத்தொகுதிகளில் நடமாடுவோரை இவ்வெண்ணைக் கொண்டு பின்தொடர முடிந்தமையால், திறன்பேசிகளே இன்று பொய்யெண் அணிந்துகொள்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 2014இல், வைஃபையைத் தேடும் பொழுதுக்கு மட்டும் இதைத் தொடங்கியது. 2019இல் ஆண்ட்ராய்டின் பத்தாம் பதிப்பும், 2020இல் ஐபோனின் பதினான்காம் பதிப்பும், இணைகின்ற ஒவ்வொரு வலையமைப்புக்கும் தனித்தனிப் பொய்யெண்ணைக் காட்டுவதை வழக்கமாக்கின. மாணவர்கள் தம் திறன்பேசியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இதைத் தாமே பார்க்கலாம்.

மேக் எண்ணின் வலுவை அளந்துகாட்டிய நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. 2010 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வலையமைப்பில் ஆரன் சுவார்ட்சு என்னும் இளைஞர் ஒரு மடிக்கணினியை இணைத்து, ஜேஸ்டோர் களஞ்சியத்தின் ஆய்விதழ்களைப் பெருந்தொகையாக இறக்கத் தொடங்கினார். இணைய எண்ணைத் தடுத்தார்கள். வேறு எண் பெற்றார். மேக் எண்ணைத் தடுத்தார்கள், அதையும் மாற்றிக்கொண்டார். எண்களைப் பின்தொடர்ந்தவர்களால் கருவி இருந்த இடத்தைத்தான் கண்டறிய முடிந்தது. 2011 ஜனவரியில், வலைவடங்கள் கூடும் ஒரு சிற்றறையில் மடிக்கணினியைக் கண்டு, அதனருகே படக்கருவி ஒன்றைப் பொருத்தினர். ஆளைக் காட்டியது அந்தப் படக்கருவியே. பெரட்டில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான் அல்லவா?

இரண்டாவது வகை, இணைப்புக்கு உரிய ஐபி எண். பழைய நான்காம் பதிப்பில் இது 32 இருமங்கள் கொண்டது. ஆகவே உலகம் முழுமைக்கும் ஏறத்தாழ 430 கோடி எண்களே உண்டு. 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் இயல்பான பங்கீடும் முடிவுற்றது. பற்றாக்குறை பகிர்வுக்கு வழிவகுத்தது. ஒரு வீட்டிலுள்ள பத்துக் கருவிகளும் வெளியுலகுக்கு ஒரே எண்ணில் தோன்றுகின்றன. கைத்தொலைபேசி நிறுவனங்களோ இதற்கும் மேலே சென்று, ஒருவரையொருவர் அறியாத பல சந்தாதாரர்களை ஒரே பொது எண்ணின்கீழ் நிறுத்துகின்றன. அந்நிறுவனங்களின் உட்பயனுக்கென்றே 2012 ஏப்ரலில் 100.64 எனத் தொடங்கும் ஓர் எண்தொகுதி ஒதுக்கப்பட்டது. இங்கே ஐபி எண் என்பது தோட்ட அலுவலகத்தின் முகவரியே. உள்ளே யாருக்கு எந்தக் கடிதம் என்பதை அறிய நிறுவனத்தின் பதிவேடு வேண்டும். பதிவேட்டைப் படிக்கச் சரியான நேரமும், நுழைவாயில் எண் என்று சொல்லத்தக்க போர்ட் எண்ணும் வேண்டும். வழங்கிகள் இவ்விரண்டையும் சேர்த்துக் குறித்துவைக்க வேண்டும் என்று இணையப் பொறியாளர்களின் பரிந்துரை ஒன்று 2011 ஜூனிலேயே வெளிவந்தது.

நேரத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். பல வழங்கிகள் உலகப் பொதுநேரத்தில் கணக்கு வைக்கின்றன. நாம் அதற்கு எட்டு மணிநேரம் முன்னால் இருக்கிறோம். (1982 புத்தாண்டுக்கு முன் தீபகற்ப மலேசியா ஏழரை மணிநேரமே முன்னால் இருந்தது, நம் மூத்த ஆசிரியர்கள் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளியதை நினைவில் வைத்திருப்பார்கள்.) பதிவேட்டில் பிற்பகல் ஒரு மணி என்றிருப்பது நமக்கு இரவு ஒன்பது மணி. இதை மறந்து நம் நேரப்படி ஒரு மணிக்கு அந்த எண் யாரிடம் இருந்தது என்று தேடினால், வேறொரு வீட்டின் கதவைத் தட்டுவோம். ஏனெனில் எண்கள் நிலையாக ஒருவரிடம் இருப்பதில்லை. திசைவியை அணைத்து மீண்டும் இயக்கினாலே பல வேளைகளில் மாறிவிடும்.

தவறான கதவைத் தட்டியதன் விலை என்ன? 2007 ஆகஸ்டில் பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளரை, அவர் வீட்டிலிருந்து புனே காவல்துறையினர் அழைத்துச் சென்றனர். ஆர்குட் தளத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியை இழிவுபடுத்தும் பதிவு வெளியானது. அதற்குரிய ஐபி எண் அவருடையது என்று இணையச் சேவை நிறுவனம் தெரிவித்திருந்தது. அத்தகவல் தவறு. அவருக்கும் அப்பதிவுக்கும் தொடர்பே இல்லை. உண்மை வெளிப்பட்டு விடுதலை பெறுமுன் ஐம்பது நாள் சிறையில் கழித்தார். அங்கே எண்ணை எவரும் போலியாக்கவில்லை, மறைக்கவுமில்லை. எண்ணுக்கும் பெயருக்கும் இடையில் இருந்த ஒரு வரி பிழையானது, அவ்வளவே.

எண்ணைப் போலியாக்க முடியுமா என்றே மாணவர்கள் முதலில் கேட்பார்கள். முடியும். உறையின் பின்புறம் அனுப்புநர் பெயராக யாருடைய பெயரையும் எழுதிவிடலாம் அல்லவா? ஆனால் மறுமொழி அந்தப் பெயருக்குரியவரிடமே போய்ச்சேரும். முகநூலில் நுழையவும் பதிவிடவும் இரு கணினிகளும் முதலில் மாறிமாறி மூன்றுமுறை கைகுலுக்கிக்கொள்ள வேண்டும். பொய் முகவரி கொடுத்தவருக்கு மறுமொழி வராது, உரையாடல் தொடங்காது. ஆகவே பொய் அனுப்புநர் எண் தாக்குதலுக்கே பெரிதும் உதவுகிறது. 2018 பிப்ரவரியில் கிட்ஹப் தளத்தின்மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் பாய்ந்த வெள்ளம் அத்தகையது: பாதிக்கப்பட வேண்டியவரின் எண்ணையே அனுப்புநர் எண்ணாக இட்டு, உலகெங்குமுள்ள வழங்கிகளின் மறுமொழிகளை அவர்மேல் திருப்பிவிட்டனர். அவதூறு எழுதுபவர் இம்முறையை நாடுவதில்லை. அவர் வேறொரு நாட்டு வழங்கியின் பின்னால் நின்று எழுதுவார். அல்லது பிறருடைய இணைப்பில் அமர்ந்து எழுதுவார். இரண்டிலும் பதிவாகும் எண் மெய்யான எண்ணே, ஆள்தான் வேறு. போலி எண்ணைக் கண்டு நாம் அஞ்சுமளவுக்கு, மெய்யெண்ணின் பின்னால் வேறோர் ஆள் இருக்கக்கூடும் என்பதைக் கண்டு அஞ்சுவதில்லை. அஞ்ச வேண்டியது பின்னதற்கே.

நீதிமன்றங்கள் இதை எவ்வாறு நோக்கின? அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 2018இல் ஒரு பதிப்புரிமை வழக்கு வந்தது. திரைப்படம் ஒன்று ஓர் இணைப்பின் வழியே முறைகேடாக இறக்கப்பட்டிருந்தது. இணைப்பு, முதிர்ந்தோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம் ஒன்றை நடத்தியவரின் பெயரில் இருந்தது. அங்குத் தங்கியோரும் வந்துபோவோரும் அதைப் பயன்படுத்தினர். சந்தாதாரர் என்ற ஒன்றை மட்டும் கொண்டு அவரே செய்தார் எனக் கருத இயலாது என்று நீதிமன்றம் முடிவுசெய்தது. நம் நாட்டில் 114ஏ பிரிவின் எடையை உணர்த்திய தீர்ப்பு 2021 பிப்ரவரி 19ஆம் நாள் வந்தது. மலேசியாகினி தளத்தில் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக, கூட்டரசு நீதிமன்றம் அந்நிறுவனத்துக்கு 500,000 ரிங்கிட் அபராதம் விதித்தது. எழுவரில் அறுவர் ஒருமித்தனர். நீதிபதி நளினி பத்மநாதன் மட்டும் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினார். அவ்வழக்கு ஐபி எண்ணைப் பற்றியதன்று. ஆயினும் தாம் எழுதாத சொற்களுக்கு ஒருவர் வெளியீட்டாளராகக் கொள்ளப்படுவதன் பொருள் என்ன என்பதை அது நாடறியச் செய்தது.

சட்டத்தின் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். பொய்ப்பெயருக்குப் பின்னால் ஒளிந்து ஒரு மாணவியை மாதக்கணக்கில் இழிவுபடுத்துபவரை, நேரில் கண்ட சாட்சியைக் கொண்டுதான் பிடிக்க வேண்டும் என்றால் எவரையும் பிடிக்க இயலாது. இணைப்பில் தொடங்கித்தான் தேட முடியும். தேடலைத் தொடங்கும் இடமாக ஐபி எண்ணை நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். அதையே தேடலின் முடிவாக்கி, எஞ்சிய பாரத்தைச் சந்தாதாரர் தோளில் ஏற்றுவதை ஏற்க மனம் ஒப்பவில்லை. நாம் கற்பனை செய்த அந்தத் தந்தை எதைக்கொண்டு மறுப்பார்? சாதாரண வீட்டுத் திசைவி பழைய பதிவுகளை நெடுநாள் காத்துவைப்பதில்லை. இருந்தாலும் அவற்றைப் படித்துக்காட்ட வல்லுநர் வேண்டும். வல்லுநருக்குக் கட்டணம் வேண்டும். நகரத்து நிறுவனம் ஒன்றுக்கு எளிதாகக் கிட்டும் மறுப்பு, தோட்டப்புற வீட்டுக்குக் கிட்டுவதில்லை. வாசகம் இருவருக்கும் ஒன்றே; சுமையின் எடைதான் ஒன்றன்று.

ஆசிரியர்களுக்கு இப்பிரிவின் மூன்றாம் பகுதி மிக அருகில் இருக்கிறது. கணினிக்கூடம் யாருடைய பொறுப்பில் உள்ளதோ அவருடைய கட்டுப்பாட்டில்தான் அங்குள்ள கணினிகளும் உள்ளன என்று வாதிட இடமுண்டு. எல்லா மாணவர்களும் ஒரே பயனர் பெயரில் நுழையும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பது நலம். வைஃபைக் கடவுச்சொல்லைப் பலகையில் எழுதி ஆண்டுமுழுதும் விட்டுவைக்காமல், தவணைதோறும் மாற்றலாம். வாசலில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும்: மாணவர் பெயர், கணினியின் எண், அமர்ந்த நேரம், எழுந்த நேரம். நேரத்தை ‘மூன்றாம் பாடவேளை’ என்று எழுதாமல் மணி, நிமிடத்தோடு எழுதச் சொல்ல வேண்டும். சுவர்க்கடிகாரம் பின்தங்கியிருந்தால் திறன்பேசியைப் பார்த்து எழுதலாம். என்றேனும் ஒருநாள் ஓர் எண்ணோடு எவரேனும் பள்ளிக்கு வந்தால், அது எந்த நாள், எந்த மணி, எந்த நாட்டு நேரம், போர்ட் எண் என்ன என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு குறிப்பேட்டைத் திறக்கலாம்.