உறங்கும் இயந்திரம்

மடுல்சீமையின் ஈரக்காற்று மனிதரை மட்டுமன்றி இரும்பையும் வாட்டும். தேயிலைத் தோட்டத்துக் கொட்டிலில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் மொறிஸ் மைனர் காரின் எஞ்சினுக்குள்ளும் அது துருவாய்ப் படிகிறது.

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இக்காரை இலங்கையர் இன்றும் பேணுகின்றனர். 1990களில் இதன் தகட்டுப் பாகங்கள் இங்கேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கும் சென்றன. ஆயினும், அவசரத்தால் உடைந்த எஞ்சினைத் திருத்துவது எளிதன்று. புதுப் பற்றரி பூட்டி உடனே முடுக்கினால், துருவில் ஒட்டிய பிஸ்டன் வளையம் முறிந்துவிடலாம்.

முதலில் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களிலும் சிறிது எண்ணெய் வார்த்து, ஓரிரவேனும் பொறுத்திருக்க வேண்டும். பின்னர் முன்புறக் கைப்பிடியைச் செருகி மெல்லச் சுழற்றலாம். இறுகி நின்றால் வலிந்து திருகலாகாது. மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை. சுழலத் தொடங்கியதும் பழைய எஞ்சின் எண்ணெயை மாற்றிவிடுக.

அடுத்தது பெற்றோல். நாட்பட்ட பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளையை அடைத்துவிடும். அதனை வடித்து, தாங்கியையும் காபரேற்றரையும் கழுவிப் புதிது வார்க்க வேண்டும். திறப்பைத் திருப்பியதும் மின்பம்பி ‘டிக் டிக்’கென ஒலித்து அடங்கினால் எரிபொருள் நிறைந்ததென்பது பொருள்.

மூன்றாவது தீப்பொறி. ஈரத்தில் மங்கிய தொடுமுனைகளை மெல்லிய உப்புத்தாளால் துடைத்துவிட்டுப் பிளக்கைச் சோதிக்க வேண்டும். நீலப்பொறி தெறித்தால் நற்குறி.

எஞ்சின் உறுமியதும் மகிழ்ச்சியில் மலைச்சாலையில் இறங்கிவிடலாகாது. கிடந்த காரின் பிரேக்கும் இறுகியோ கசிந்தோ இருக்கும். அதையும் பார்த்த பின்னரே பசறை நோக்கிப் புறப்படலாம்.

கிளம்பாத எஞ்சின் எல்லாம் இறந்த எஞ்சின் அன்று. பல வேளைகளில் அதனைக் கொல்வது முதுமையன்று, எழுப்புகிறவரின் அவசரமே.