இடம் வாடகையாக இருக்கலாம், பெயர் சொந்தமாக இருக்க வேண்டும்

போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் ஏலம் கணிப்பொறி வழியாக நடக்கிறது. ஏலக்காய் வியாபாரிகளுக்குத் திரையைப் பார்த்து விலை கேட்பது பழகிவிட்டது. அடுத்த படியாக, கடையின் பெயரில் ஓர் இணையப் பக்கம் வைத்துக்கொள்ளலாமே என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். எட்டு மில்லி காய்க்கும் ஏழு மில்லி காய்க்கும் என்ன வித்தியாசம், நல்ல பச்சை நிறம் எப்படி நிற்கிறது, மிளகு எப்போது வரத்தாகும் என்று நாமே எழுதி வைத்தால் வெளியூர் வியாபாரிக்கு நம்பிக்கை பிறக்கும். குரங்கணியில் சிறு கடை வைத்திருப்பவருக்கும், மலையேற வருவோர் முன்கூட்டியே தேடிப் படிக்க ஒரு பக்கம் இருப்பது நல்லதுதான்.

அந்தப் பக்கத்தை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

நம் மலைப்பாதை சொல்லும் பாடம்

மூணாறு தேயிலை ஒரு காலத்தில் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணி பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வந்தது. 1924 ஜூலை வெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. மறுபடி போடப்படவில்லை. ஆனால் தேயிலை வியாபாரம் நிற்கவில்லை. சரக்கும் பெயரும் தோட்டக்காரர் கையில் இருந்ததால் வேறு வழியில் அனுப்பினார்கள். இணையத்திலும் இதுவே விதி. வழி அடைபடலாம். சரக்கும் பெயரும் நம் கையில் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

மூன்று வகை இடங்கள்

முதலாவது இலவச இடம். பிளாக்கர், வேர்ட்பிரஸ் டாட் காம் போன்றவை. பிறர் கட்டடத்தின் திண்ணையில் கடை போடுவது போல. செலவில்லை, பராமரிப்பும் அவர்களுடையது. ஆனால் முகவரியில் நம் பெயரோடு அவர்கள் பெயரும் ஒட்டியிருக்கும். சிலவற்றில் அவர்கள் விளம்பரமும் வரும்.

இரண்டாவது பகிர்வு இடம். ஒரே சர்வரில் பல பேருடைய தளங்கள் இருக்கும். ஒரே காம்ப்ளெக்ஸில் பத்துக் கடைகள் ஒரு ஜெனரேட்டரைப் பங்கிடுவது போல. ஆண்டு வாடகை உண்டு. பக்கத்துக் கடையில் கூட்டம் கூடினால் நம் பக்கம் மெதுவாகத் திறக்கலாம்.

மூன்றாவது தனி சர்வர். முழுக் கிட்டங்கியையும் வாடகைக்குப் பிடிப்பது. பார்த்துக்கொள்ள விவரம் தெரிந்த ஆள் வேண்டும். எழுத்தும் சில படங்களும் வைக்க நமக்கு இது தேவையில்லை.

தானமாகக் கிடைத்த மாடு

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே பார்த்துத்தான் ஆக வேண்டும். சிறு கடைகளுக்கென்று கூகுள் நிறுவனம் இலவசமாக இணையப் பக்கம் அமைத்துத் தந்து வந்தது. 2024 மார்ச்சில் அந்தச் சேவையை நிறுத்தியது. அந்த முகவரிக்கு வந்தவர்கள் அவ்வாண்டு ஜூன் 10 வரை கடையின் கூகுள் விவரப் பக்கத்துக்குத் திருப்பி விடப்பட்டார்கள். அதன்பின் அதுவும் இல்லை. பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் அந்த முகவரியை அச்சடித்தவர்களுக்கு அது வீணாயிற்று.

பிளாக்ஸ்பாட் கதையும் தெரிந்திருக்க வேண்டியது. 2012 முதல் சில ஆண்டுகள் இந்திய வாசகர்களை கூகுள் ‘டாட் இன்’ என்று முடியும் முகவரிக்குத் திருப்பி விட்டது. 2020இல் அந்தப் பெயர் கூகுளின் கையை விட்டுப் போயிற்று. எழுதியவை ‘டாட் காம்’ முகவரியில் பத்திரமாக இருந்தாலும், ‘டாட் இன்’ என்று பகிரப்பட்ட இணைப்புகள் திறக்கவில்லை. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இப்படி என்றால், நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பணம் கட்டினால் மட்டும் பயமில்லை என்று எண்ண வேண்டாம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். நகலையும் அங்கேயே வைத்திருந்த சிலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். சரக்கும் கணக்குப் புத்தகமும் ஒரே கிட்டங்கியில் இருந்தால் என்ன ஆகும் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. முதலில் சொந்த முகவரி ஒன்றைப் பதிவு செய்யுங்கள். பிளாக்கர் போன்ற இலவச இடத்திலேயே அதை இணைத்துக்கொள்ளலாம். முகவரிக்கு மட்டும் ஆண்டுக் கட்டணம். பின்னால் இடம் மாறினாலும் வாடிக்கையாளருக்கு அதே முகவரிதான்.

2. பதிவு உங்கள் பெயரிலும், உங்கள் கைபேசி எண்ணிலும், உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பக்கம் அமைத்துத் தரும் தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பெயரில் வேண்டாம். கடைப் பத்திரத்தை அப்படி எழுதுவோமா?

3. முதல் ஆண்டுச் சலுகை விலையைக் கண்டு மயங்காமல், இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்று கேளுங்கள். பல இடங்களில் அது கூடுதலாக இருக்கும்.

4. புதுப்பிக்கும் தேதியைக் கடை லைசென்ஸ் தேதியோடு சேர்த்துக் குறித்து வையுங்கள். கெடு தாண்டிப் போனால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிவிடலாம்.

5. எழுத்தையும் படங்களையும் மாதம் ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் போட்டு வீட்டில் வையுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இலவச இடமும் சொந்த முகவரியும் போதும். வரத்து கூடினால் பகிர்வு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம். கடையை எத்தனை முறை மாற்றினாலும் பெயர்ப்பலகையைக் கையோடு எடுத்துப் போகிறோம் அல்லவா? அதே முன்யோசனை இங்கேயும் இருந்தால் போதும்.