காந்தம் பிடித்துத் தரும் கிருமி

குடிநீரின் 100 மில்லிலிட்டரில் ஓர் ஈ.கோலி கூட இருத்தலாகாது. அந்த ஒன்றைக் கண்டறிய, நீரை வளர்ப்பு ஊடகத்திலிட்டு ஏறத்தாழ ஒரு நாள் காத்திருக்கிறோம். அதற்குள் வீட்டார் அந்நீரையே அருந்திவிடுகின்றனர். வயிற்றுப்போக்கால் துவண்டு வரும் குழந்தைகளைக் காண்கையில் இத்தாமதமே எங்களை உறுத்துகிறது.

இதைக் குறைக்க வல்லவை காந்த நானோ துகள்கள். இரும்பு ஆக்சைடாலான இவற்றின்மேல், குறிப்பிட்ட கிருமியைப் பற்றும் எதிர்ப்புரதம் பூசப்படுகிறது. நீரில் கலந்தபின் குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால், துகள்கள் பற்றிய கிருமியோடு சுவரோரம் ஒதுங்கும். எஞ்சிய நீரை வடித்து, திரண்டதை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினால் சில மணி நேரத்தில் விடை கிடைக்கும். இறந்த கிருமியும் அதில் தென்படலாம். ஆகவே வளர்ப்புச் சோதனையைக் கைவிட இயலாது.

வீட்டுக் குழாயில் காந்தம் பொருத்தலாமா என வினவுகின்றீர்கள். வேண்டா, அது நீரைத் தூய்மையாக்காது. நீர் நன்கு கொதித்தபின் மேலும் ஒரு நிமிடம் அடுப்பிலேயே விட்டு, மூடி ஆறவையுங்கள்.